ஏன் அதைச் சொன்னீங்க? கவுன்சிலிங் படிப்புக்குள்ள உண்மையில என்ன நடக்குது

கவுன்சிலிங் படிக்கப் போறேன்னு சொன்னதும் முக்காவாசி பேர் சொன்னது ஒரே வார்த்தைதான், "உனக்குத்தான் நல்லா பேச வருமே, சரியான படிப்பு". நானும் அப்படி நினைச்சுத்தான் சேர்ந்தேன். யாருக்காவது கஷ்டம்னா பக்கத்துல உக்காந்து நாலு நல்ல வார்த்தை சொல்லுவோம், முடிஞ்சா ஒரு வழி காட்டுவோம், அதையே கொஞ்சம் முறையா சொல்லித் தருவாங்கன்னு நினைச்சேன். முதல் செமஸ்டர்லயே அந்த நினைப்பு போயிடுச்சு. கூடப் படிக்கிற ஒருத்தங்க கிளையன்ட்டா உக்கார, நான் கவுன்சிலரா உக்கார, இருபது நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கிட்டு வரச் சொன்னாங்க. எழுதிக் குடுத்த பேப்பர் திரும்பி வந்தப்போ எங்கயும் சரி தப்புன்னு ஒண்ணும் இல்ல, நான் பேசின ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் ஒரே கேள்வி, "ஏன் அதைச் சொன்னீங்க?" பாதிக்கு மேல எனக்குப் பதில் தெரியல. ஒரு இடத்துல மட்டும் தெரிஞ்சுது. அவங்க குரல் உடைஞ்சதும் எனக்குத் தாங்கல, அதான் "சரி விடுங்க, எல்லாம் சரியாயிடும்"னு பேச்சை மாத்தினேன். அது அவங்களுக்காகச் சொன்னது இல்ல, எனக்காகச் சொன்னது.

மூணு நாலு வருஷப் படிப்பா இருந்தாலும் சரி, ரெண்டு வருஷ மாஸ்டர்ஸா இருந்தாலும் சரி, மொத்தமும் இந்த ஒரு கேள்வியைச் சுத்தித்தான் ஓடுது. தியரி எதுக்குன்னா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல. பிராக்டிஸ் எதுக்குன்னா அந்தப் பதில் நிஜமாவே அந்த ஆளுக்குப் பொருந்துச்சான்னு பாக்க. இது ரெண்டையும் தனித்தனி பேப்பரா நினைச்சுப் படிக்கிறவங்க, முதல் வருஷம் தியரியை மனப்பாடம் பண்ணிட்டு ரெண்டாம் வருஷம் கிளையன்ட் முன்னாடி போய் உக்காந்ததும் எல்லாத்தையும் மறந்துட்டு பழையபடி அறிவுரை சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. இதை நான் நிறைய பாத்திருக்கேன்.

ஆலோசனைங்கிற சொல்லே நம்மைக் கொஞ்சம் திசை திருப்புது. ஆலோசனைன்னா நமக்கு யோசனை சொல்றது, வழி சொல்றதுதான் ஞாபகம் வரும். தமிழ்ல உளவளத்துணைன்னும் ஒரு சொல் இருக்கு, எனக்கு அதுதான் விஷயத்துக்கு இன்னும் பக்கத்துல இருக்கிறதா தோணுது, ஏன்னா துணைங்கிற வார்த்தையில நடக்கிறது அவங்க, நாம கூட வர்றோம்ங்கிறது இருக்கு. ஆனா புழக்கத்துல கவுன்சிலிங்னே ஆயிடுச்சு, நானும் அப்படியே எழுதறேன்.

ஆரம்பத்துல இந்தத் தொழில் நிஜமாவே வழி சொல்ற தொழிலாத்தான் இருந்துச்சு. 1908ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல ஃபிராங்க் பார்சன்ஸ்னு ஒருத்தர் வேலை தேடுற இளைஞர்களுக்காக ஒரு வழிகாட்டு மையம் தொடங்கினார். உன்னை நீ தெரிஞ்சுக்கோ, வேலைகளைத் தெரிஞ்சுக்கோ, ரெண்டையும் பொருத்திப் பார், இதுதான் அவர் வழி. அதே வருஷம் அவர் இறந்துட்டார், புத்தகம் 1909ல வந்துச்சு. அப்புறம் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல இ.ஜி. வில்லியம்சன் அதையே டெஸ்ட், அளவீடு, நோயறியற மாதிரி படிப்படியான முறைன்னு வளர்த்தார், கவுன்சிலர்தான் விவரம் தெரிஞ்சவர், அவர் எடுத்துச் சொல்லணும். அதே மின்னசோட்டாவுக்கே 1940 டிசம்பர் 11ல கார்ல் ராஜர்ஸ்ங்கிற உளவியலாளர் போய் ஒரு லெக்சர் குடுத்தார், அறிவுரை சொல்றதும் எடுத்து விளக்கறதும் பெருசா உதவல, பேச வந்தவங்களோட உணர்வைப் புரிஞ்சுக்கிட்டு அவங்களையே முன்னாடி நடக்க விடணும்ங்கிற மாதிரி. அங்க பெரிய சலசலப்பு ஆச்சு. கிளையன்ட்டை மையமா வைக்கிற தெரபி பிறந்த நாள்னே அவர் பின்னாடி அதைச் சொன்னார்.

அதை விட எனக்கு முக்கியமா படறது அடுத்து அவர் பண்ணினது. 1942ல வந்த அவரோட புத்தகத்துல ஒரு கிளையன்ட்டோட எட்டு செஷனும் ஒரு வரி விடாம அச்சாகியிருக்கு, பேரை மாத்தி. அதுவரைக்கும் மூடின கதவுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு பெரும்பாலும் தெரபிஸ்ட் தானே ஞாபகத்துலேருந்து எழுதினாத்தான் உண்டு. ஞாபகம் நமக்குச் சாதகமாத்தான் எழுதும். அந்தக் காலத்து ஒலித்தட்டு சில நிமிஷத்துல நிறைஞ்சிடும், மாத்தி மாத்திப் போட்டு ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க. இன்னைக்கு கவுன்சிலிங் படிக்கிற எல்லாரும் ராத்திரி முழிச்சு உக்காந்து டிரான்ஸ்கிரிப்ட் எழுதறோமே, அந்தப் பழக்கத்தோட வேர் அங்கதான் இருக்கு. நாம என்ன பண்ணினோம்னு நாம நினைக்கிறது வேற, டேப்ல இருக்கிறது வேற.

சரி, தியரிகளுக்கு வருவோம். புதுசா படிக்கிறவங்களுக்கு இங்கதான் தலை சுத்தும். சைக்கோடைனமிக், பெர்சன் சென்டர்ட், சிபிடி (காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி, எண்ணத்தையும் நடத்தையையும் பாக்கறது), எக்ஸிஸ்டென்ஷியல், கெஸ்டால்ட், ஃபேமிலி சிஸ்டம்ஸ், சொல்யூஷன் ஃபோகஸ்ட், நேரேட்டிவ், வாரம் ஒண்ணா வந்துக்கிட்டே இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறுவனர், ஒரு கதை, ஒரு சொல்லகராதி. இதைப் பட்டியலா படிச்சா ஒண்ணும் ஒட்டாது. எனக்கு ஒட்டினது எப்படின்னா, ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு தியரியோட காதாலயும் கேட்டுப் பாக்கறது.

ஒரு நாப்பது வயசுக்காரர் வந்து உக்காந்து இப்படிச் சொல்றார்னு வச்சுக்குவோம்: "நான் உக்காந்தா வீடே உக்காந்துடும்ங்க."

சிபிடி காதுல இது ஒரு விதியா விழும். இந்த வழிக்கு அடித்தளம் போட்ட ஏரன் பெக் முதல்ல மனப்பகுப்பாய்வு படிச்சவர்தான், மனச்சோர்வுங்கிறது உள்பக்கம் திரும்பின கோபம்னு ஃபிராய்டு வழியில சொன்னதை நிரூபிக்கப் போய் நோயாளிகளோட கனவுகளை ஆராய்ஞ்சப்போ கோபத்தை விட தோல்வியும் இழப்பும்தான் கண்ணுல பட்டுச்சு, அங்கேருந்து அவர் கவனம் ஜனங்க தங்களைப் பத்தித் தங்களுக்குள்ள சொல்லிக்கிற எண்ணங்கள் பக்கம் திரும்புச்சு. அந்த வழியில யோசிக்கிறவர் இங்க கேட்கக்கூடியது, கடைசியா நீங்க உக்காந்தது எப்போ, அன்னைக்கு வீட்டுல நிஜமா என்ன ஆச்சு, சின்னதா ஒரு நாள் சோதிச்சுப் பாக்கலாமா. வாதம் பண்ணி ஜெயிக்கிறது நோக்கம் இல்ல, அந்த விதியை வெளியில எடுத்து மேஜை மேல வச்சு ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கறதுதான்.

சைக்கோடைனமிக் காதுக்கு இது எப்போலேருந்துங்கிற கேள்வி வரும். எத்தனை வயசுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கார், யார் உக்காந்துட்டதால இவர் எழுந்தார். அதோட நிக்காது, இந்த அறைக்குள்ளயும் அதே நடக்குதான்னு பாக்கும். உள்ள வந்ததும் "நீங்க சாப்டீங்களா, களைப்பா தெரியறீங்களே"ன்னு கவுன்சிலரையே விசாரிச்சாரா? அப்போ இங்கயும் அவர் நின்னுக்கிட்டுத்தான் இருக்கார். பழைய உறவோட அச்சு புது உறவு மேல விழறதை டிரான்ஸ்ஃபரன்ஸ்னு புத்தகத்துல படிக்கிறப்போ ஏதோ பெரிய மர்மமா இருக்கும், இப்படிப் பாத்தா தினமும் நடக்கிறதுதான்.

பெர்சன் சென்டர்ட் ஆள் முதல்ல எதையும் தேட மாட்டார். அந்த வாக்கியத்துல களைப்பு இருக்கு, ஒரு ஓரத்துல பெருமையும் இருக்கு, பயமும் இருக்கு, எதையும் விடாம அவர் அதைச் சுமக்கிற மாதிரியே புரிஞ்சுக்கப் பாப்பார். ராஜர்ஸ் 1957ல எழுதின கட்டுரையில மாற்றம் நடக்க ஆறு நிபந்தனை சொன்னார், வகுப்புல அடிக்கடி பேசறது அதுல மூணு: எம்பதி (அவங்க இடத்துல நின்னு புரிஞ்சுக்கிறது), நிபந்தனை இல்லாத ஏற்பு, அப்புறம் உள்ளொண்ணு வச்சுப் புறமொண்ணு பேசாத நேர்மை. இந்த ஆளுக்கு நின்னாத்தான் மதிப்புன்னு சின்ன வயசுலேருந்து சொல்லிக் குடுத்திருக்காங்க, நிக்காமலும் மதிக்கப்படற ஒரு இடம் இருந்தா அதுவே மருந்துங்கிறது அவங்க நம்பிக்கை.

ஃபேமிலி சிஸ்டம்ஸ் காது அவரை விட்டுட்டு வீட்டைப் பாக்கும். இவர் நிக்கறதால யார் எழுந்திருக்கத் தேவையில்லாம போச்சு? மர்ரே போவென் இதை ஒருத்தர் அளவுக்கு மீறி இயங்க இன்னொருத்தர் அளவுக்குக் கீழ போறதுன்னு ஒரு ஜோடியா பாத்தார், ஒருத்தரை மட்டும் மாத்தினா இன்னொருத்தர் ஆடிப் போவார், அதனால வீடே அவரை மறுபடி நிக்க வைக்கத்தான் பாக்கும். ஸ்டீவ் டி ஷேஸரும் இன்சூ கிம் பெர்க்கும் உருவாக்கின சொல்யூஷன் ஃபோகஸ்ட் வழியில பிரச்சினையைக் கிளறாம, கொஞ்ச நேரமாவது நீங்க உக்காந்து வீடு உக்காராம இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கன்னு விதிவிலக்கைத் தேடுவாங்க.

இதுல எது சரி? இந்தக் கேள்வியை ஒரு வருஷம் முழுக்க கேட்டுக்கிட்டே இருந்தேன். இது துறைக்குள்ளயே பெரிய சண்டை. 1936லயே சால் ரோசன்ஸ்வைக், வேற வேற தெரபி எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி பலன் தருது, அப்போ எல்லாத்துக்கும் பொதுவா இருக்கிற ஏதோதான் வேலை செய்யுதுன்னு எழுதினார். ஆலிஸ் கதையில வர்ற டோடோ பறவை, எல்லாரும் ஜெயிச்சாச்சு எல்லாருக்கும் பரிசுன்னு சொல்லுமே, அதைச் சொல்லித்தான் கட்டுரையைத் தொடங்கினார், அதனால டோடோ தீர்ப்புன்னே பேர் ஆயிடுச்சு. 1952ல ஹான்ஸ் ஐசென்க் வந்து, தெரபியால எந்தப் பலனும் நிரூபணம் ஆகல, சும்மா விட்டாலே மூணுல ரெண்டு பேர் தேறிடறாங்கன்னு ஒரு குண்டைப் போட்டார். அதுக்குப் பதில் வர கால் நூற்றாண்டு ஆச்சு, 1977ல மேரி ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளை ஒண்ணாத் திரட்டி, தெரபி எடுத்த சராசரி ஆள் எடுக்காதவங்கள்ல 75 சதவீதம் பேரை விட நல்லா இருக்கார்னு காட்டினாங்க. தெரபி வகைகளுக்கு நடுவுல பெரிய வித்தியாசம் தெரியலைன்னும் சேர்த்துச் சொன்னாங்க.

இதைக் கேட்டதும் "அப்போ தியரியே வேணாம், அன்பா இருந்தா போதும்"னு ஒரு முடிவுக்கு வர்றவங்க இருக்காங்க. எனக்கு இது ஒப்புக்க முடியாத முடிவு. ஒண்ணு, எல்லாப் பிரச்சினைக்கும் எல்லாமும் ஒண்ணு இல்ல, குறிப்பிட்ட பயம், ஓசிடி (விடாம துரத்துற எண்ணமும் அதுக்காகத் திரும்பத் திரும்பச் செய்யறதும்) மாதிரி விஷயங்கள்ல பயப்படறதைப் படிப்படியா நேர்ல சந்திக்க வைக்கிற எக்ஸ்போஷர் முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கு, அங்க வெறும் பரிவோட உக்காந்திருந்தா அந்த ஆளோட வருஷங்கள்தான் வீணாப் போகும். ரெண்டு, பொதுவா வேலை செய்யறதுன்னு சொல்றாங்களே, அது என்னன்னு பாக்கணும். எட்வர்ட் போர்டின் 1979ல அதை மூணா பிரிச்சார். எங்க போகணும்ங்கிறதுல ரெண்டு பேருக்கும் ஒப்புதல், அதுக்கு என்ன பண்ணப் போறோம்ங்கிறதுல ஒப்புதல், அப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பிணைப்பு. இதுல கடைசி ஒண்ணுதான் அன்பு. முதல் ரெண்டுக்கும் உங்களுக்கு ஒரு வரைபடம் வேணும், இந்த வேலையை எதுக்குப் பண்றோம்னு கிளையன்ட்டுக்கு விளங்கற மாதிரி சொல்லத் தெரியணும், அதுதான் தியரி. ஒரு தியரியை ஆழமா தெரிஞ்சுக்கிட்டு மத்த காதுகளையும் கடன் வாங்கத் தெரிஞ்சவங்க நல்லா வர்றாங்க, எட்டையும் மேலோட்டமா தெரிஞ்சுக்கிட்டு செஷனுக்கு செஷன் மாத்திக்கிட்டு இருக்கிறவங்க கிளையன்ட்டையும் குழப்பிடறாங்கங்கிறது என் அனுபவம்.

இனி ஸ்கில்ஸ் லேப். வெளியில இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப சில்லறை விஷயமாத் தெரியும். எப்படி உக்காரணும், எங்க பாக்கணும், திறந்த கேள்வி எது, மூடின கேள்வி எது, அவங்க சொன்னதை நம்ம வார்த்தையில திருப்பிச் சொல்றது எப்படி, உணர்வைத் தொட்டுச் சொல்றது எப்படி, சுருக்கிச் சொல்றது எப்படி. ஆலன் ஐவியும் அவர் கூட இருந்தவங்களும் 1960களோட கடைசியில, கவுன்சிலிங்ங்கிற பெரிய திறமையை இப்படிச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு ஒண்ணொண்ணா பயிற்சி குடுக்கலாம்னு காட்டினாங்க, மைக்ரோஸ்கில்ஸ்னு பேர். கார் ஓட்டக் கத்துக்கிறப்போ கிளட்ச் தனியா பிரேக் தனியா பழகற மாதிரிதான். முதல்ல ரொம்பச் செயற்கையா இருக்கும், "நீங்க வருத்தமா உணர்றீங்க"ன்னு கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கிட்டிருப்போம், எதிர்ல இருக்கிறவங்களுக்கு எரிச்சலா வரும். ராஜர்ஸுக்கே இப்படித் தன் முறையை எதிரொலி மாதிரி ஆக்கிட்டாங்களேன்னு வருத்தம், நான் உணர்வைத் திருப்பி அடிக்கல, நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானான்னு அவங்க கிட்ட சரிபாக்கறேன்னு கடைசிக் காலத்துல விளக்கினார். இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சா குரலே மாறிடும். முதல்ல முற்றுப்புள்ளியோட சொன்னதை இப்போ லேசா ஒரு கேள்விக்குறியோட சொல்லுவோம், அவங்க "இல்ல, வருத்தம் இல்ல, அசிங்கமா இருக்கு"ன்னு திருத்துவாங்க, அந்தத் திருத்தம்தான் செஷனோட பொன்னான நிமிஷம்.

மௌனத்தைப் பத்தி தனியா சொல்லியாகணும். பத்து செகண்ட் சும்மா இருக்கறது இவ்வளவு கஷ்டம்னு லேப்ல உக்காந்தாத்தான் தெரியும். அவங்க யோசிக்கிற மௌனம், அவங்க அழுகையை அடக்கற மௌனம், உங்க மேல கோபமா இருக்கிற மௌனம், இனி பேச ஒண்ணும் இல்லைங்கிற மௌனம், எல்லாம் வேற வேற. டேப்ல கேட்டா எல்லாமே ஒரே வெற்றிடம்தான், ஆள் முன்னாடி உக்காந்திருந்தா மூச்சுலயும் கையிலயும் தெரியும்.

இங்க நார்மன் கேகன் கொண்டு வந்த ஒரு முறையைச் சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1960கள்ல மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல, வெளியிலேருந்து லெக்சர் குடுக்க வந்தவங்களை வீடியோ எடுத்து அவங்களுக்கே போட்டுக் காட்டினப்போ, அந்த நிமிஷம் மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு ஆச்சரியப்படற அளவுக்கு அவங்க ஞாபகமாச் சொன்னாங்களாம். அதையே கவுன்சிலிங் மாணவர்களுக்குக் கொண்டு வந்தார். செஷன் முடிஞ்ச கையோட வீடியோ போடணும், எங்க வேணும்னாலும் நீங்களே நிறுத்தலாம், கூட இருக்கிறவர் குறை சொல்ல மாட்டார், சொல்லிக் குடுக்கவும் மாட்டார், "அப்போ உள்ள என்ன ஓடுச்சு, என்ன சொல்லணும்னு தோணிச்சு, ஏன் சொல்லல, அவங்க உங்களைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு நினைச்சீங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பார், அவ்வளவுதான். இதுல தெரிய வர்றது என்னன்னா, நமக்கு அந்த நிமிஷமே நிறைய தெரிஞ்சிருக்கு, அவங்க ஏதோ மறைக்கிறாங்கன்னு தெரிஞ்சிருக்கு, கேட்டா கஷ்டமாகிடும்னு நாம பேசாம தாண்டிப் போயிருக்கோம். தெரியாததால விட்ட இடத்தை விட பயந்து விட்ட இடம்தான் எனக்கு அதிகம்.

நிஜ கிளையன்ட் கூட உக்காரறது பிராக்டிகம், இன்டர்ன்ஷிப், பிளேஸ்மென்ட்னு இடத்துக்கு இடம் வேற பேர்ல வரும். அளவு ஒரு நாட்டுக்கு ஒரு மாதிரி. அமெரிக்காவுல கவுன்சிலிங் படிப்புகளை அங்கீகரிக்கிற சிஏசிஆர்இபி அமைப்போட அங்கீகாரம் உள்ள மாஸ்டர்ஸ்ல பிராக்டிகம் 100 மணி நேரம், அதுல 40 நேரடியா கிளையன்ட் கூட, அதுக்கப்புறம் இன்டர்ன்ஷிப் 600 மணி நேரம், அதுல 240 நேரடி. பிரிட்டன்ல பிஏசிபிங்கிற கவுன்சிலர்கள் சங்கம் அங்கீகரிச்ச படிப்புன்னா குறைஞ்சது 100 மணி நேரம் சூப்பர்விஷனோட, அதாவது அனுபவம் உள்ள ஒருத்தர் கிட்ட நம்ம செஷன்களைப் பேசிப் பாத்துக்கிட்டே, கிளையன்ட் வேலை. நேரடி மணி ஒண்ணுன்னா அதைச் சுத்தி நோட்ஸ், சூப்பர்விஷன், மீட்டிங்னு எவ்வளவு வேலை இருக்குன்னு அந்தக் கணக்கைப் பாத்தாலே விளங்கும்.

சூப்பர்விஷனை மேலதிகாரி கண்காணிக்கிறதுன்னு எடுத்துக்கிட்டா தப்பாப் போயிடும். கிளையன்ட்டோட பாதுகாப்புக்கு அவர் பொறுப்புங்கிறது ஒரு பக்கம் உண்மைதான், ஆனா முக்கியமான வேலை வேற. 1955ல ஹரோல்ட் சேர்ல்ஸ் ஒண்ணு கவனிச்சார், கிளையன்ட்டுக்கும் தெரபிஸ்ட்டுக்கும் நடுவுல நடக்கிறது, தெரபிஸ்ட்டுக்கும் சூப்பர்வைசருக்கும் நடுவுல அப்படியே திரும்ப நடக்குது. பேரலல் பிராசஸ்னு இப்போ சொல்றோம். மேல சொன்ன நின்னுக்கிட்டே இருக்கிற ஆளையே எடுத்துக்குங்க. அவரோட கவுன்சிலர் சூப்பர்விஷனுக்கு வந்து, எல்லாம் நான் பாத்துக்கறேன், ஒரு சிக்கலும் இல்ல, நீங்க கவலைப்படாதீங்கன்னு மூச்சு விடாம ரிப்போர்ட் குடுப்பார், தான் உக்காரவே மாட்டார். சூப்பர்வைசர் அதைக் காட்டினதும் ரெண்டு பேருக்கும் அந்தக் கிளையன்ட் திடீர்னு புரிவார். இதை நேர்ல அனுபவிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

எதிக்ஸ் பேப்பரை நிறைய பேர் பாஸ் மார்க்குக்காக மட்டும் படிக்கிறாங்க, அது தப்பு. நீங்க சொல்றது வெளியில போகாதுன்னு முதல் நாளே சொல்றோம், ஆனா அது முழு உண்மை இல்ல, உயிருக்கு ஆபத்துன்னா போகும், குழந்தைக்கு ஆபத்துன்னா போகும், கோர்ட்டு கேட்டா போகலாம், அந்த எல்லையை முதல் நாளே சொல்லாம விட்டா பின்னாடி சொல்றது துரோகமாத் தெரியும். கலிஃபோர்னியாவுல டராசாஃப் வழக்கு இதுக்கு எல்லா வகுப்புலயும் வர்ற பாடம். 1969ல ஒரு மாணவியைக் கொன்னவர், அதுக்கு முன்னாடியே தன் தெரபிஸ்ட் கிட்ட அந்த எண்ணத்தைச் சொல்லியிருந்தார், தெரபிஸ்ட் பல்கலைக்கழக போலீஸுக்குத் தகவல் குடுத்தார், ஆனா அந்தப் பொண்ணுக்கோ அவங்க வீட்டுக்கோ யாரும் எச்சரிக்கை பண்ணல. ஆபத்துல இருக்கிறவங்களைக் காப்பாத்த நியாயமான முயற்சி எடுக்கிற கடமை உண்டுன்னு 1976ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. எல்லா நாட்டுக்கும் அதே சட்டம் இல்ல, ஆனா அந்தக் கேள்வி எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான்.

தற்கொலை எண்ணம் பத்தி கேக்கறதும் இதோட சேர்ந்தது. நேரா கேட்டா நாமளே அந்த எண்ணத்தை விதைச்சிடுவோமோன்னு எல்லாருக்கும் பயம். ஆராய்ச்சிகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் தரல, நேராக் கேக்கறது பலருக்கு ஒரு ஆசுவாசமாத்தான் இருக்கு. "தப்பா ஒண்ணும் யோசிக்கலையே?"ன்னு கேட்டா இல்லைன்னுதான் பதில் வரும், அந்தக் கேள்வியிலயே இல்லைன்னு சொல்லுங்கங்கிற கெஞ்சல் இருக்கு. "சாகணும்னு தோணுதா?"ன்னு தட்டுத் தடுமாறாம கேக்க நாக்கு பழகணும், அதனாலதான் லேப்ல ஜோடி ஜோடியா உக்கார வச்சு சத்தமாச் சொல்லிப் பழக்கறாங்க.

கலாச்சாரம்னு ஒரு பேப்பர் வரும். 1992ல டெரால்ட் விங் சூ, பட்ரிசியா அரெடோண்டோ, ரோடரிக் மெக்டேவிஸ் மூணு பேரும் பல கலாச்சாரங்களோட வேலை செய்ய கவுன்சிலருக்கு என்னென்ன தகுதி வேணும்னு வகுத்தாங்க, அதுல முதல்ல வர்றதே தன்னோட சொந்த அனுமானங்களைத் தெரிஞ்சுக்கிறது. மறுபடி அந்த ஆளையே பாருங்க. குடும்பத்துக்காக நிக்கறதை நோயாப் பாக்கற தியரி, தனி மனுஷனை முதல்ல வைக்கிற ஒரு சமூகத்துல பிறந்த தியரி. அவருக்கு அது சுமை மட்டும் இல்ல, அர்த்தமும் அதுதான். எல்லை போடக் கத்துக்குங்கன்னு அவசரப்பட்டுச் சொன்னா அவர் அடுத்த வாரம் வர மாட்டார். அதே நேரம் கலாச்சாரம்னு சொல்லி அவர் களைப்பைக் கேக்காம விடறதும் தப்பு. தியரியைக் கிளையன்ட்டுக்கு ஏத்தாப்புல வளைக்கணுமே தவிர கிளையன்ட்டை தியரிக்கு வளைக்கக் கூடாது, வகுப்புல இதை ஒத்துக்கிறது சுலபம், ஆனா செஷன்ல உக்காந்து செய்யறதுக்கு எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

சில படிப்புகள்ல மாணவர்களும் தெரபி எடுத்துக்கணும்னு விதி இருக்கு, மனப்பகுப்பாய்வுப் பயிற்சியில அது ரொம்ப காலமாவே கட்டாயம். சில இடத்துல கட்டாயம் இல்ல, பரிந்துரை மட்டும்தான். செலவாகும்ங்கிறது நிஜமான பிரச்சினை, அதை லேசாச் சொல்ல மாட்டேன். ஆனா எதிர்ப்பக்க நாற்காலியில உக்காந்து, நாம சொன்ன ஒண்ணைக் கவுன்சிலர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா எப்படி இருக்கும், போன வாரம் சொன்னதை அவங்க ஞாபகம் வச்சிருந்தா எப்படி இருக்கும்ங்கிறதைப் புத்தகம் சொல்லித் தராது.

ரிசர்ச் மெத்தட்ஸைப் பத்தி ஒரு வார்த்தை. புள்ளியியலைக் கண்டு ஓடிப் போய்த்தான் பல பேர் இந்தப் படிப்புக்கு வர்றாங்க. ஐசென்க் சொன்னதுல எங்க ஓட்டை இருக்கு, 375 ஆய்வைக் கூட்டறதுல என்ன ஆபத்து இருக்குன்னு படிக்கத் தெரியலைன்னா, நாளைக்குப் புதுசா ஒரு டெக்னிக்கை யாராவது ரெண்டு நாள் வொர்க்‌ஷாப்ல வித்தா அதை நம்பி வாங்கிக்கிட்டு வந்து கிளையன்ட் மேல பரிசோதிப்பீங்க.

மார்க் விஷயத்துல ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கணும். எழுத்துத் தேர்வுல முதலா வர்றவங்களைக் கூட, கிளையன்ட் கூட வேலை செய்ய இன்னும் தயார் இல்லைன்னு நிறுத்தி வைக்க நல்ல துறைகளுக்கு அதிகாரம் உண்டு. என் கூடப் படிச்ச ஒருத்தருக்கு அது நடந்துச்சு, அப்போ எங்களுக்கெல்லாம் கோபம் வந்துச்சு, அவர் கட்டுரைகள் எங்க எல்லாரோடதையும் விட நல்லா இருக்கும். இப்போ யோசிச்சா, டேப்ல யார் என்ன சொன்னாலும் அவர் பதில் ஒரே மாதிரி இருந்துச்சு, அழகான பதில், எதிர்ல யார் இருக்காங்கங்கிறதே அதுல இல்ல. ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து முடிச்சார்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கிறவங்க பாடத்திட்டத்துல எத்தனை தியரி இருக்குன்னு எண்ணாதீங்க. நிஜ கிளையன்ட் கூட எத்தனை மணி நேரம், அந்தக் கிளையன்ட்டை அவங்க ஏற்பாடு பண்ணுவாங்களா இல்ல நீங்களே தேடணுமா, ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மாணவர், யாராவது உங்க ரெக்கார்டிங்கை உக்காந்து கேப்பாங்களா இல்ல நீங்க எழுதித் தர்ற ரிப்போர்ட்டோட முடிஞ்சுதா, முடிச்சா உங்க நாட்டுல எந்த அமைப்புல பதிவு பண்ண முடியும், இதைக் கேளுங்க. ரெக்கார்டிங்கே கிடையாதுன்னு சொன்னா நான் சேர மாட்டேன். இன்னொண்ணு, இந்தப் படிப்பு உங்களை மனநல மருத்துவரா ஆக்காது, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாவும் ஆக்காது, அதுக்கான பாதை வேற, மருந்து எழுதறது உங்க வேலையா இருக்காதுன்னு முதல்லயே தெளிவா இருங்க.

சமீபத்துல பெரிய இழப்பு ஒண்ணைச் சந்திச்சவங்க, அல்லது தன் வலியைப் புரிஞ்சுக்கத்தான் இதைப் படிக்க வர்றவங்க நிறைய பேர் இருக்காங்க, அதுல எந்தத் தப்பும் இல்ல, நல்ல கவுன்சிலர்கள்ல பாதிப் பேர் அப்படி வந்தவங்களாத்தான் இருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. ஆனா முதல் ரோல் பிளேலயே எதிர்ல இருக்கிறவங்க உங்க கதையைச் சொல்லுவாங்க, அவங்களுக்கே தெரியாம. அட்மிஷன் இன்டர்வியூல "இப்போ உங்க வாழ்க்கை எப்படிப் போகுது, கஷ்டம்னா யார் கிட்ட பேசுவீங்க"ன்னு கேட்டா மறைக்காம சொல்லுங்க, ஆள் இல்லைன்னா இல்லைன்னே சொல்லுங்க. அந்த நாள் வர்றப்போ உங்க கூட இருக்க யாராவது இருக்காங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் அவங்க அதைக் கேக்கறாங்க.